கர்ணம் எழுதிய கணக்கு

என் மேஜையின் கடைசி இழுப்பறையில் இருபத்தைந்து ஆண்டுகள் அடைந்து கிடந்தன. ஃப்ளாப்பிகள் ஏழு. வெளி ஹார்ட் டிஸ்க்குகள் மூன்று. பென் டிரைவ்களை எண்ணியதில்லை. எல்லாவற்றிலும் இருப்பது எழுத்து. பாதி என்னுடையது, மீதி என்னை நம்பி யாரோ ஒப்படைத்தது. சில விண்டோஸில் எழுதியவை. சில, பக்கம் வடிவமைப்பவர்களைத் தவிர வேறு யாரையும் தொடவிடாத அந்தக் கால ஆப்பிள் மேகில் சேமித்தவை. ஒரே ஒரு டிஸ்க் மட்டும் லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. என் பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 ஏற்றிக்கொள்ளும் தகுதி இல்லை. எடைக்குப் போட மனம் வரவில்லை. நண்பரின் மகன் வந்து அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வரும் ஆபரேட்டிங் சிஸ்டம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோதித்துப் பார்ப்போமே என்று இழுப்பறையை மேஜை மேல் கவிழ்த்தேன்.

விண்டோஸ் டிஸ்க்குகள் செருகியதும் திறந்துகொண்டன. எதையும் தனியாக வாங்கவோ நிறுவவோ வேண்டியிருக்கவில்லை. வியப்பு ஃப்ளாப்பிகளில்தான் இருந்தது. இரண்டு பூசணம் பிடித்துக் கெட்டுப்போயிருந்தன. இரண்டு விண்டோஸ் ஃப்ளாப்பிகள். மீதி மூன்றும் மேகில் ஃபார்மட் செய்யப்பட்டவை. ஆப்பிள் 1985இல் கொண்டுவந்த ஹெச்எஃப்எஸ் என்ற முறையில் எழுதப்பட்டவை. அந்த முறையைப் படிக்கும் வசதியை ஆப்பிளே 2019இல் தன் மேக் கம்ப்யூட்டர்களிலிருந்து நீக்கிவிட்டது. பெற்ற தாய் மறந்துபோன அந்த மூன்றையும் என் லினக்ஸ் லேப்டாப் அடையாளம் கண்டு திறந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, ஃபார்மட் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் போக வேண்டும்.

டிஸ்க் என்பது ஒரு நிலப்பரப்பு. அதைச் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, எந்த ஃபைல் எந்தெந்த மனைகளில் குடியிருக்கிறது, அதன் பெயர் என்ன, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்றெல்லாம் எழுதிவைக்க ஒரு பதிவேடு வேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொள்ளும் முறைதான் ஃபைல் சிஸ்டம். ஃபார்மட் செய்வது என்றால் புதிய பதிவேடு போடுவது. நம் கிராமங்களில் கர்ணம் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலம் ஊராருடையது. கணக்கு கர்ணத்தின் வீட்டில் இருக்கும். அவர் கையெழுத்தும் குறியீடும் அவருக்கும் அவர் பிள்ளைக்கும்தான் புரியும். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தது. கம்ப்யூட்டர் உலகத்தில் அந்தப் பரம்பரை அதற்குப் பிறகும் பல காலம் நீடித்தது.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கர்ணம். 1977இல் மைக்ரோசாஃப்டில் உருவான ஃபேட் முறைதான் பிறகு டாஸ் வழியாக உலகமெங்கும் பரவியது. ஃபேட் என்பதன் விரிவே ஃபைல் ஒதுக்கீட்டுப் பட்டியல் என்றுதான் பொருள்படும். 1993இல் விண்டோஸ் என்டியுடன் என்டிஎஃப்எஸ் வந்தது. ஆப்பிள் 1998இல் ஹெச்எஃப்எஸ் பிளஸ்ஸுக்கும், 2017இல் ஏபிஎஃப்எஸ்ஸுக்கும் மாறியது. லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி இன்று நான்காம் தலைமுறையில் இருக்கிறது. ஒரு முறையில் எழுதிய பதிவேடு இன்னொரு முறை மட்டும் தெரிந்த கம்ப்யூட்டருக்கு வெறும் கிறுக்கல்.

கிறுக்கலைப் பார்த்தால் என்ன செய்வது என்பதில்தான் குணம் தெரிகிறது. லினக்ஸ் முறையில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் பெரும்பாலும் ஒரு கேள்வி வரும். டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று. கேள்வி மரியாதையாகத்தான் இருக்கும். எனக்கு இந்தக் கணக்கு படிக்கத் தெரியவில்லை, கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதட்டுமா என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கேள்விக்கு ஒரு முறை நான் ஆம் சொல்லியிருக்கிறேன்.

2016இல் நடந்தது. இந்தியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்த்த மூத்த நண்பர் ஒருவர் டெல்லியில் காலமானார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். கடைசிப் பத்தாண்டுகள் லினக்ஸில் மட்டுமே எழுதினார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு கரோல்பாக் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி ஒரு ஹார்ட் டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். “இதிலதான் எல்லாம் இருக்குன்னு சொல்வார். அந்த நாவலும் இதிலதான். நீங்களே பார்த்து ஏதாவது பண்ணுங்க, தம்பி” என்றார். அவர் ஐந்து ஆண்டுகள் மொழிபெயர்த்து, அச்சுக்குக் கொடுக்காமல் திருத்திக்கொண்டே இருந்த வங்க நாவல் அது.

மறுநாள் அலுவலகத்தில், பக்கம் முடிக்கும் அவசரத்துக்கு நடுவே, கம்ப்யூட்டர் பார்க்கும் பையனிடம் டிஸ்க்கைக் கொடுத்தேன். “சார், ஃபார்மட் பண்ணணும்னு கேக்குது” என்றான். தலையைத் தூக்காமலே, “கேட்டா பண்ணுப்பா” என்றேன். டிஸ்க்கைப் படிப்பதற்கான ஏதோ ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன். முதுகலைத் தமிழ் படித்தவனுக்கு ஒரு சொல்லின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

நல்ல வேளையாக, ஃபார்மட் செய்தால் பதிவேடு போகுமே தவிர நிலம் அப்படியே போய்விடாது. வேகமான ஃபார்மட்டில் பழைய எழுத்தின் பெரும்பகுதி அதன் மனையிலேயே இருக்கும், மேலே புதிதாக எதையும் எழுதாதவரை. பிறகு ஒருவர் டிஸ்க்கை மனை மனையாகத் துழாவி ஃபைல்களை மீட்டுக் கொடுத்தார். சில பாதியில் அறுந்திருந்தன. எல்லாவற்றுக்கும் வெறும் எண்கள்தான் பெயர். தேதி கிடையாது, வரிசை கிடையாது, அவர் போட்டுவைத்த ஃபோல்டர்கள் கிடையாது. அவையெல்லாம் கிழிக்கப்பட்ட பதிவேட்டில் இருந்தவை. எண்ணிட்ட பல்லாயிரம் துண்டுகளை ஒரு புதிய டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு வந்து இழுப்பறையில் வைத்தேன். திறக்கத் தைரியம் வரவில்லை.

லினக்ஸுக்கு மட்டும் பிறர் கணக்கு படிக்கத் தெரிவது எப்படி? அது அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதைத் தொடங்கியபோது அதற்குச் சொந்தப் பதிவேடு இல்லை. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸின் பதிவேட்டு முறையையே எடுத்துக்கொண்டது. அதில் 64 மெகாபைட்டுக்கு மேல் இடம் கிடையாது, ஃபைல் பெயரில் 14 எழுத்துக்கு மேல் கூடாது. 1992இல் சொந்த முறை வந்தபோது, உள்ளே ஒரு பொது மேடையும் அமைந்தது. மேலே இருக்கும் நிரல்கள் திற, படி, எழுது என்று ஒரே மொழியில் கேட்கும். கீழே எந்தப் பதிவேடு இருக்கிறதோ அதற்குரிய மொழிபெயர்ப்பாளர் அதைப் படித்துச் சொல்வார். புதிய பதிவேடு வந்தால் ஒரு மொழிபெயர்ப்பாளரை எழுதிச் சேர்த்தால் போதும். அப்படிச் சேர்ந்தவர்கள் இன்று பல டஜன்.

அகராதி இல்லாத மொழியை எப்படிக் கற்பது என்பதுதான் சிக்கல். ஃபேட் ஓரளவு ஊரறிந்த முறை. என்டிஎஃப்எஸ்ஸின் இலக்கணத்தை மைக்ரோசாஃப்ட் முழுதாக வெளியிடவில்லை. வெளியிலிருந்தவர்கள் டிஸ்க்கில் ஒரு எழுத்தை மாற்றுவதும், பதிவேட்டில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுமாகவே அதைக் கற்றார்கள். 1990களின் பிற்பாதியில் லினக்ஸில் என்டிஎஃப்எஸ் படிக்கும் வசதி வந்துவிட்டது. எழுதும் வசதிக்குப் பல ஆண்டுகள் அபாயம் என்ற எச்சரிக்கை தொங்கியது. படிப்பவன் தவறாகப் புரிந்துகொண்டால் அவனுக்குத்தான் நஷ்டம். எழுதுபவன் தவறு செய்தால் கணக்கே கெடும். நம்பி எழுதும் நிலை 2007இல் ஹங்கேரியரான சபோல்ச் ஸாகாசிட்ஸ் வெளியிட்ட என்டிஎஃப்எஸ்-3ஜியோடுதான் வந்தது.

இதே வேலையை ஆஸ்திரேலியாவில் இன்னொருவர் செய்திருக்கிறார். கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992வாக்கில் சாம்பா என்ற சாஃப்ட்வேரைத் தொடங்கினார். வலைப்பின்னலில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு மற்றவை ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள உதவுவது அது. தன் முறையை அவர் பிரெஞ்சு காஃபிக் கடை முறை என்று அழைத்தார். பிரெஞ்சு தெரியாத ஒருவர் பாரீஸ் காஃபிக் கடையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் என்ன சொன்னால் சிப்பந்தி என்ன கொண்டுவருகிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தால் மொழி பிடிபடும் அல்லவா? அவர் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டார். புரியாத இடத்தில் தானே எதையாவது சொல்லிப் பார்த்து, என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொண்டார். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சைக் கேட்டு இந்தி கற்ற என் தலைமுறைத் தமிழர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஐரோப்பியப் போட்டிச் சட்ட வழக்கில் மைக்ரோசாஃப்ட் தோற்ற பிறகு, 2007 டிசம்பரில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. 10,000 யூரோ கொடுத்து அந்த இலக்கண நூலைச் சாம்பா குழுவினர் முறைப்படி பெற்றார்கள். அதற்குள் பதினைந்து ஆண்டுகள் ஒட்டுக்கேட்டே ஓடியிருந்தன.

இலக்கணத்தைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது, பேசவும் அனுமதி வேண்டும் என்ற கட்டம் ஒன்றும் இருந்தது. ஃபேட் முறையில் நீளமான பெயர் வைக்கும் உத்திக்கு மைக்ரோசாஃப்டிடம் பேட்டன்ட் இருந்தது. 2009இல் வழிகாட்டும் கருவிகள் தயாரிக்கும் டாம்டாம் நிறுவனத்தின் மீது இந்த பேட்டன்ட்டுகளையும் காட்டி வழக்குப் போட்டது. டாம்டாமின் கருவிகள் லினக்ஸில் இயங்கியவை. அடுத்த மாதமே சமரசம் ஆயிற்று. ஆனால் பயம் நின்றது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஃபேட்32 தாங்காது என்பதால் 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் பெரிய மெமரி கார்டுகளுக்கெல்லாம் தரமாகிவிட்டது. அதையும் லினக்ஸில் அதிகாரபூர்வமாகச் சேர்க்கத் தயங்கினார்கள். 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தானே முன்வந்து எக்ஸ்ஃபேட்டின் இலக்கணத்தை வெளியிட்டது. லினக்ஸில் அது சேர்வதை வரவேற்பதாகவும் சொன்னது. 2020இல் சாம்சங் எழுதிக் கொடுத்த நிரல் லினக்ஸின் மையத்தில் இடம்பெற்றது. 2021இல் பாராகன் என்ற நிறுவனம், தான் விலைக்கு விற்றுவந்த என்டிஎஃப்எஸ் நிரலையே கொடையாகக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை என் டிஸ்க்குகள் சத்தமில்லாமல் திறந்ததற்குப் பின்னால் முப்பது ஆண்டுகளின் உழைப்பும் வழக்கும் சமரசமும் இருக்கின்றன.

எல்லாமே திறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், விண்டோஸ் பகுதியைப் படிக்க முடிகிறது, எழுத மட்டும் முடியவில்லையே என்பது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அணைத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாக எழுவதற்காகப் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. பதிவேடு அதன் மடியிலேயே திறந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் இன்னொருவர் அதில் எழுதினால் இரண்டு கணக்காகிவிடும். அதனால் லினக்ஸ் கை வைக்க மறுக்கிறது. மறுப்பது நல்லதற்கே. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு விண்டோஸை அணைத்தால், அல்லது வேகத் தொடக்கம் என்ற வசதியையே நிறுத்திவிட்டால், எழுத அனுமதி கிடைக்கும். டிஸ்க்கில் பிழை இருப்பதாகச் செய்தி வந்தால் அதை விண்டோஸில் கொண்டுபோய்ச் சரிபார்ப்பதே முறை.

இரண்டாவது, பிட்லாக்கர். இது கர்ணம் வைத்த பூட்டல்ல, நம் பாதுகாப்புக்காக நமக்கே வைத்த பூட்டு. 48 இலக்க மீட்பு எண்ணோ கடவுச்சொல்லோ இருந்தால் லினக்ஸிலும் திறக்கலாம். இல்லாவிட்டால் எங்கும் திறக்க முடியாது. பல புதிய லேப்டாப்புகளில் இந்தப் பூட்டு நாம் கேட்காமலே விழுந்திருக்கும் என்பதால், எண் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. மூன்றாவது, ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ். இதற்கு லினக்ஸின் மையத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வெளியார் எழுதிய நிரல்கள் உண்டு. படிக்க மட்டும் நம்பலாம். ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகளைப் படிக்கலாம். மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் அதன் நாட்குறிப்பு வசதியை நிறுத்தாமல் எழுத முடியாது.

என் அனுபவத்தில் கற்றது இவ்வளவுதான். பழைய டிஸ்க்கை முதலில் படிக்க மட்டும் திறக்க வேண்டும். முதல் காரியமாக அதை அப்படியே பிரதி எடுக்க வேண்டும். சோதனையெல்லாம் பிரதியில். ஃபார்மட் என்ற சொல் எந்த வடிவில் வந்தாலும் பதில், வேண்டாம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு பென் டிரைவ் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

டிஸ்க் திறந்த பிறகும் தமிழனுக்கு இன்னொரு வாசல் பாக்கி இருக்கிறது. என் மேக் ஃப்ளாப்பிகளில் இருந்த கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் தாறுமாறாகக் கொட்டின. 1990களில் ஒவ்வொரு தமிழ் சாஃப்ட்வேர் விற்பனையாளரும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுத்திருந்தார். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ழ’ வைத்திருப்பார். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எழுதியவனே படிக்க முடியாது. இங்கும் கர்ணங்கள்தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று தரங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றில் போட்டதும் இருபத்தைந்து வயதில் நான் எழுதிய வாக்கியங்கள் எழுந்து வந்தன. அவற்றில் சில வராமலே இருந்திருக்கலாம்.

அரசுகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2010 நவம்பரில் மத்திய அரசு மின் ஆளுமைக்குத் திறந்த தரங்களே வேண்டும் என்று கொள்கை வகுத்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் பக்கத்திலிருந்து விண்டோஸ் பக்கத்து ஃபைல்களைப் பார்க்கலாம். விண்டோஸிலிருந்து எட்டிப் பார்த்தால் பாஸ் பக்கம் இருப்பதே தெரியாது. அந்த மாணவர்களில் எத்தனை பேர் இந்த ஒருவழிப் பாதையைக் கவனித்து, ஏன் என்று கேட்டிருப்பார்கள்? கேட்க வேண்டிய கேள்வி அது. சான்றிதழும் பத்திரமும் குடும்பப் புகைப்படமும் டிஸ்க்கில் இருக்கும் காலத்தில், அவற்றின் கணக்கு எந்த மொழியில் எழுதப்படுகிறது, அந்த மொழி ஊருக்குப் பொதுவா என்பது கம்ப்யூட்டர்காரர்களின் கவலை மட்டுமல்ல.

கடைசியாக அந்த டிஸ்க்கைச் செருகினேன். எண்ணிட்ட துண்டுகள் வரிசையாக நின்றன. நண்பர் எப்போதும் அலங்காரமில்லாத வெறும் எழுத்து ஃபைல்களாக, யூனிகோடில்தான் எழுதுவார். அதனால் எல்லாவற்றையும் படிக்க முடிகிறது. இரண்டு மாதங்களாக இரவில் ஒவ்வொன்றாகத் திறந்து முதல் வரியைப் படித்துப் பெயர் வைத்துவருகிறேன். நாவலின் 31 அத்தியாயங்களில் 27 ஐயமில்லாமல் கிடைத்துவிட்டன. மீதி நான்குக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் இருக்கின்றன. இரண்டுமே நன்றாக இருக்கின்றன. எதைக் கடைசியாகத் திருத்தினார், எதை வேண்டாம் என்று விட்டார் என்பது தேதியைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அந்தத் தேதியை அழிக்கச் சொன்னது நான்தான். கரோல்பாக் வீட்டுக்கு நாளை போகிறேன். அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் பரணில் இருக்கலாம் என்று அம்மா போனில் சொன்னார்.